ஆண்டுக்கு இரண்டு பலகை: எந்த மென்பொருள் ஏற்றது?

பழுதான டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை நீங்கள் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு மெல்லிய பலகை இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் மின்தடைகளும் மின்தேக்கிகளும் நின்றுகொண்டிருக்கும். மறுபக்கத்தைத் திருப்பினால் செம்புக் கோடுகள் வளைந்தும் பிரிந்தும் ஓடுவதைக் காணலாம். கம்பிகளுக்குப் பதிலாக அந்தச் செம்புக் கோடுகளே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. இதுவே அச்சுச் சுற்றுப் பலகை. கடைக்காரர்கள் பி.சி.பி. என்று கூறுவதும் இதனைத்தான்.

இத்தகைய பலகையை இப்போது பள்ளி மாணவரும் கணிப்பொறியில் வரைந்து, தொழிற்சாலைக்கு அனுப்பிச் செய்துகொள்ள முடியும். வரைவதற்கு மென்பொருள்கள் பல இருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? நாள்தோறும் பலகை வரையும் பொறியாளருக்கு ஏற்றது, ஆண்டுக்கு ஒன்றிரண்டு பலகை மட்டும் செய்யும் மாணவருக்கும் ஏற்றதாக இருக்குமா? இக்கட்டுரையில் அதனை ஆராய்வோம்.

கையால் வரைந்த காலம்

பால் ஐஸ்லர் என்பவர் வியன்னா நகரில் 1907ஆம் ஆண்டு பிறந்த பொறியாளர். 1936-ல் அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். காப்புப் பொருளின் மீது செம்புத் தகட்டை ஒட்டி, வேண்டாத இடங்களை வேதிப்பொருளால் அரித்து நீக்கினால், எஞ்சி நிற்கும் செம்பே மின்சுற்றாகிவிடும் என்பது அவர் கண்ட வழி. 1943-ல் அதற்குக் காப்புரிமை கோரினார். இன்றைய பலகைகளும் பெரும்பாலும் இந்த முறையிலேயே உருவாகின்றன. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த 1.6 மி.மீ. தடிமனுள்ள தகடு, அதன் மேல் 35 மைக்ரோமீட்டர் செம்பு. செம்பின் தடிமன் தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழப் பாதிதான்!

கணிப்பொறி வருமுன் இந்தக் கோடுகளை மனிதர் கையால் அமைத்தனர். ஒளி ஊடுருவும் தாளின் மீது கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டித் தடங்களை உருவாக்கினர். பிழை சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தை இரு மடங்கு அளவில் செய்து, பின்னர் ஒளிப்படக் கருவியால் பாதியாகச் சுருக்கினர். ஒரு தடத்தை மாற்ற வேண்டுமென்றால் நாடாவை உரித்து மீண்டும் ஒட்ட வேண்டும். ஓர் இணைப்பை மறந்துவிட்டாலோ, பலகை செய்து முடித்த பின்னரே அது தெரியவரும்.

மென்பொருள் செய்யும் வேலை

கணிப்பொறி வெறும் வரைபலகை அன்று. அது நமக்காக இணைப்புகளை எண்ணிச் சரிபார்க்கிறது. எப்படி? ஓர் எளிய சுற்றைக் கொண்டு பார்ப்போம்.

555 என்னும் ஐ.சி.யைக் கொண்டு எல்.இ.டி. விளக்கு ஒன்றைச் சிமிட்ட வைக்க வேண்டும். தேவையான உறுப்புகள்: எட்டுக் கால்களுள்ள 555 ஒன்று, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் மின்தடைகள், 10 மைக்ரோ ஃபாரட், 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள்; ஒரு எல்.இ.டி.; 9 வோல்ட் மின்கலத்துக்கான இரு முனை இணைப்பி. இந்த அளவுகளில் விளக்கு ஏறக்குறைய அரை நொடி எரியும், அரை நொடி அணைந்திருக்கும்.

இவற்றின் கால்களை எண்ணுவோம். ஐ.சி.க்கு 8, மூன்று மின்தடைகளுக்கு 6, இரு மின்தேக்கிகளுக்கு 4, எல்.இ.டி.க்கு 2, இணைப்பிக்கு 2. ஆக மொத்தம் 22 கால்கள். எந்தக் கால்கள் தமக்குள் இணைய வேண்டுமோ அவற்றை ஒரு கூட்டமாகக் கொள்வோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கணு என்று பெயர். நமது சுற்றில் உள்ள கணுக்கள் இவை:

1. நேர்மின் கணு: ஐ.சி.யின் 8, 4 ஆகிய கால்கள், 1 கிலோ ஓமின் ஒரு முனை, மின்கலத்தின் நேர்முனை. மொத்தம் 4.
2. தரைக் கணு: ஐ.சி.யின் 1ஆம் கால், இரு மின்தேக்கிகளின் ஒவ்வொரு முனை, எல்.இ.டி.யின் எதிர்முனை, மின்கலத்தின் எதிர்முனை. மொத்தம் 5.
3. ஐ.சி.யின் 7ஆம் கால், 1 கிலோ ஓமின் மறுமுனை, 68 கிலோ ஓமின் ஒரு முனை. மொத்தம் 3.
4. ஐ.சி.யின் 2, 6 ஆகிய கால்கள், 68 கிலோ ஓமின் மறுமுனை, 10 மைக்ரோ ஃபாரட்டின் நேர்முனை. மொத்தம் 4.
5. ஐ.சி.யின் 3ஆம் கால், 470 ஓமின் ஒரு முனை. மொத்தம் 2.
6. 470 ஓமின் மறுமுனை, எல்.இ.டி.யின் நேர்முனை. மொத்தம் 2.
7. ஐ.சி.யின் 5ஆம் கால், 0.01 மைக்ரோ ஃபாரட்டின் மறுமுனை. மொத்தம் 2.

கூட்டிப் பாருங்கள், 22 வருகிறது. இனி, ஒரு கணுவில் 4 கால்கள் இருந்தால் அவற்றை இணைக்க 3 கோடுகள் போதும். 5 கால்கள் இருந்தால் 4 கோடுகள். ஒவ்வொரு கணுவிலும் ஒன்று குறைகிறது அல்லவா? எனவே 22 கால்களிலிருந்து 7 கணுக்களைக் கழித்தால், போட வேண்டிய கோடுகள் 15 என்று கிடைக்கிறது.

சுற்றுப்படத்தை நாம் வரைந்தவுடன் மென்பொருள் தயாரிப்பது இத்தகைய பட்டியலைத்தான். பின்னர் பலகையின் மீது உறுப்புகளை வைத்ததும், இணைக்க வேண்டிய 15 இடங்களையும் மெல்லிய நூல் போன்ற கோடுகளால் காட்டுகிறது. நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால் பொறியாளர்கள் இதனை எலிக்கூடு என்று செல்லமாக அழைக்கின்றனர்! ஒரு செம்புத் தடம் போட்டால் ஒரு நூல் மறையும். எல்லா நூல்களும் மறைந்தால் எந்த இணைப்பும் விடுபடவில்லை என்று பொருள். தடங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, துளைகள் மிக நெருங்கிவிட்டனவா என்பதையும் விதிச் சோதனை என்னும் பகுதி பார்த்துச் சொல்கிறது.

இறுதியில் தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்புகள் உருவாகின்றன. இவற்றுள் முக்கியமானது கெர்பர் கோப்பு. இது ஜோசப் கெர்பர் என்பவரின் பெயரைத் தாங்கியது. இவரும் வியன்னாவில் பிறந்தவரே. 1940-ல் அமெரிக்கா சென்றவர், 1948-ல் ஹார்ட்ஃபோர்டு நகரில் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். ஒளிக்கதிரால் படச்சுருளில் வரையும் கருவிகளை அந்நிறுவனம் செய்தது. அக்கருவிகளுக்கான கட்டளைகளே கெர்பர் கோப்பாயின. டி02 என்றால் ஒளி இன்றி நகர்க. டி01 என்றால் ஒளியுடன் நகர்ந்து கோடு வரைக. டி03 என்றால் நின்ற இடத்தில் ஒரு முறை ஒளிர்க. இந்த மொழியின் இலக்கணம் யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. ஆகவே எந்த நாட்டுத் தொழிற்சாலையும் இதனைப் புரிந்துகொள்ளும்.

எப்போதாவது செய்பவரின் ஐந்து கேள்விகள்

மேற்சொன்ன வேலைகளைச் செய்யாத மென்பொருள் இல்லை. ஆகவே விளம்பரங்களில் வரும் சிறப்புகளின் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். முப்பது அடுக்குப் பலகை நமக்கு எதற்கு? ஓர் அடுக்கு அல்லது இரண்டு அடுக்கே போதும். எப்போதாவது பலகை செய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதற் கேள்வி: கட்டணம் எப்படி வாங்கப்படுகிறது? ஒரு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா 100 டாலர் என்று கொள்வோம். ஆண்டுக்கு நூறு பலகை வரையும் பொறியாளருக்குப் பலகைக்கு 1 டாலர்தான் ஆகிறது. இரண்டு பலகை வரையும் மாணவருக்கோ பலகைக்கு 50 டாலர்! பயன்படுத்தாத மாதங்களுக்கும் பணம் கட்டுவதால், சந்தா முறை எப்போதாவது செய்பவர் மீதுதான் அதிகச் சுமையை ஏற்றுகிறது.

இரண்டாம் கேள்வி: இலவசப் பதிப்புக்கு எல்லை உண்டா? சில மென்பொருள்கள் பலகையின் அளவையும் அடுக்குகளையும் கட்டுப்படுத்தும். முதற் பலகை அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். இரண்டாவது பலகைதான் இடிக்கும். அதற்குள் நாம் அந்த மென்பொருளுக்குப் பழகிவிட்டிருப்போம்.

மூன்றாம் கேள்வி: ஆறு மாதம் தொடாமல் இருந்தால் மறந்துவிடுமா? இதனை எவரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. நாள்தோறும் பழகுபவர் நூறு குறுக்குவிசைகளை நினைவில் வைத்திருப்பார். நாம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய புதியவராகவே திரும்பி வருகிறோம். கட்டளைகள் திரையில் தெளிவாகத் தெரிகின்றனவா, தடுமாறும்போது பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல கையேடு உண்டா என்று பார்க்க வேண்டும்.

நான்காம் கேள்வி: உறுப்பு நூலகம் நம்பத்தக்கதா? ஒவ்வோர் உறுப்புக்கும் சுற்றுப்படக் குறியீடு ஒன்றும், பலகையில் அதன் கால்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் காலடிப் படம் ஒன்றும் வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பலகை வீண். எடுத்துக்காட்டாக பி.சி.547, 2என்3904 ஆகிய டிரான்சிஸ்டர்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தட்டைப் பக்கம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால், முதலாவதில் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். இரண்டாவதில் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழாக வரும்! விதிச் சோதனை இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நாம் கொடுத்த படம்தான்.

ஐந்தாம் கேள்வி: என் வரைபடம் என்னுடையதாகவே இருக்குமா? ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பலகையைச் சற்றே மாற்றிச் செய்ய விரும்பினால், கோப்பு திறக்குமா? இக்கேள்வி ஏன் முக்கியம் என்பதை உண்மையில் நிகழ்ந்த ஒரு வரலாறு காட்டும்.

ஈகிளின் கதை

1988-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கேட்சாஃப்ட் நிறுவனம் ஈகிள் என்னும் மென்பொருளை வெளியிட்டது. ஒரு முறை விலை கொடுத்தால் அந்தப் பதிப்பு வாங்கியவருக்கே சொந்தம். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு இலவசப் பதிப்பும் கிடைத்தது. அதில் 10 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், இரண்டு அடுக்கு என்பது எல்லை. உலகெங்கும் மாணவர்கள் ஈகிளில் கற்றனர். தாம் வரைந்த படங்களை ஈகிள் கோப்பாகவே பகிர்ந்துகொண்டனர்.

2009-ல் கேட்சாஃப்ட் நிறுவனத்தை பிரீமியர் ஃபார்னெல் வாங்கியது. 2016-ல் ஈகிள் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2017 ஜனவரியில் ஒரு முறை விலை என்பது போய்ச் சந்தா வந்தது. இலவசப் பதிப்பு தொடர்ந்தது. ஆனால் இணையத்தின் வழியே பயனரின் உரிமையைச் சரிபார்க்கும் முறை சேர்ந்தது. 2023-ல் ஆட்டோடெஸ்க் இன்னொரு செய்தியை வெளியிட்டது: ஈகிளின் வேலைகள் தனது ஃபியூஷன் என்னும் பெரிய மென்பொருளுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டன; தனி ஈகிள் 2026 ஜூன் 7ஆம் நாளுடன் முடிவுறும்.

நிறுவனத்துக்குத் தன் பொருளை மாற்றவும் நிறுத்தவும் உரிமை உண்டு. இதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பத்து ஆண்டுகளாகச் சேர்த்த வரைபடங்களை வைத்திருந்தவரின் நிலை என்ன? இங்கேதான் ஒரு நல்ல செய்தி உண்டு. ஈகிளின் ஆறாம் பதிப்பு முதல் அதன் கோப்புகள் எவரும் படிக்கக்கூடிய எழுத்து வடிவில், வெளியிடப்பட்ட இலக்கணத்துடன் அமைந்திருந்தன. அதனால் வேறொரு மென்பொருளை எழுதியவர்கள், ஈகிள் கோப்புகளைத் திறக்கும் வழியைத் தங்கள் மென்பொருளில் சேர்க்க முடிந்தது. கோப்பு மூடிய பெட்டியாக இருந்திருந்தால் அது எளிதில் நடந்திருக்காது.

அந்த வேறு மென்பொருளின் பெயர் கீகேட். 2018-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு முதல் ஈகிள் படங்களை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

கைக்கெட்டும் தேர்வுகள்

கீகேட்: பிரான்சு நாட்டில் ழான் பியர் சாராஸ் என்பவர் 1992-ல் எழுதத் தொடங்கியது இது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணு ஆய்வுக்கூடம் 2013 முதல் இதன் வளர்ச்சிக்கு உதவியது. சந்தா இல்லை, பலகையின் அளவு பற்றிய கவலையும் இல்லை, அடுக்குகள் 32 வரை போகலாம். இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. எனவே எந்த நிறுவனமும் இதனை வாங்கி மூடிவிட முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். குறைகளும் உண்டு. நூலகங்களுடன் சேர்த்தால் கணிப்பொறியில் சில கிகாபைட் இடம் பிடிக்கும். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. ஆகவே பள்ளியிலும் வீட்டிலும் வேறு வேறு பதிப்பு இருந்தால் தொல்லைதான்.

ஃபிரிட்ஸிங்: ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரக் கல்லூரியில் 2007-ல் தொடங்கிய திட்டம். பிரெட்போர்டு மீது கம்பிகளைச் செருகுவது போலவே திரையில் செருகலாம். அதே சுற்றைச் சுற்றுப்படமாகவும் பலகையாகவும் மாற்றிப் பார்க்கலாம். ஆறு மாதம் கழித்து வந்தாலும் மறக்காது. மூல நிரல் திறந்ததே. ஆயினும் ஆயத்தமாக உள்ள பதிப்பைப் பதிவிறக்க ஒரு சிறு தொகை கேட்கிறார்கள். நெருக்கமான பலகையில் தடம் போடுவதற்கு இது அவ்வளவு வசதியாக இல்லை.

ஈசிஇடிஏ: இது சீனாவில் உருவானது. இணைய உலாவியிலேயே இயங்குவதால் எதையும் நிறுவ வேண்டாம். பலகை செய்யும் தொழிற்சாலையுடனும் உறுப்புகள் விற்கும் கடையுடனும் நேரடியாக இணைந்துள்ளது. வேலை விரைவில் முடியும். ஆனால் வழக்கமாக உங்கள் படம் நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கும். ஐந்தாம் கேள்வியை இங்கே நினைவுகூர்க. கெர்பர் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ள வழி உண்டு. அதனைத் தவறாமல் செய்ய வேண்டும்.

இவற்றுள் எது ஏற்றது? ஆண்டுக்கு ஒரு பலகையாவது செய்யும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் கீகேட்டைக் கற்பதே நன்று. தொடக்கத்தில் செலவிடும் சில நாட்கள், பிற்காலத்தில் பொறியியல் படித்தாலும் வீண்போகாது. இணைப்பைப் படமாகக் காட்டுவது மட்டும் நோக்கமானால் ஃபிரிட்ஸிங் போதும். மென்பொருளை நிறுவ இடமில்லாத கணிப்பொறியே கிடைக்கும் என்றால் ஈசிஇடிஏ உதவும். ஒரே ஒரு சிமிட்டும் விளக்கு போதும் என்பவருக்கோ எந்த மென்பொருளும் வேண்டியதில்லை! கடையில் டாட் போர்டு என்று கேட்டால் 2.54 மி.மீ. இடைவெளியில் துளையிட்ட பலகை கிடைக்கும். அதில் உறுப்புகளைச் செருகிக் கம்பியால் இணைத்துச் சால்டர் செய்துவிடலாம்.

தேர்வு செய்யும் முறை

எவர் சொன்னாலும், நாங்கள் சொன்னாலும், சோதிக்காமல் ஏற்க வேண்டாம். இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூறிய 555 சுற்றை இரண்டிலும் வரைந்து பாருங்கள். எலிக்கூட்டில் 15 நூல்கள் தோன்றுகின்றனவா என்று எண்ணுங்கள். கெர்பர் கோப்பு வரையில் கொண்டு சென்று, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.

பிறகு ஒரு மாதம் அவற்றைத் தொட வேண்டாம். மாதம் கழித்து மீண்டும் திறந்து, சுற்றில் இன்னொரு எல்.இ.டி.யைச் சேருங்கள். எதில் குறைந்த தடுமாற்றத்துடன் வேலை முடிந்ததோ அதுவே உங்களுக்கு ஏற்றது. முதல் நாள் நேரத்தைவிட இந்த இரண்டாம் நாள் நேரமே எப்போதாவது செய்பவருக்கு உண்மையான அளவுகோல்.

பலகையைத் தொழிற்சாலைக்கு அனுப்புமுன் இன்னொரு சோதனையும் உண்டு. படத்தைச் சரியான அளவில் தாளில் அச்சிட்டு, அட்டையின் மீது ஒட்டி, வாங்கி வைத்துள்ள உறுப்புகளின் கால்களை அதில் குத்திப் பாருங்கள். 555-ன் இரு கால் வரிசைகளுக்கு இடையே 7.62 மி.மீ. இருக்க வேண்டும். கால்களின் இடைவெளி பொருந்தாவிட்டால் இந்த அட்டையே காட்டிக் கொடுத்துவிடும். கால்களின் வரிசையை மட்டும் உறுப்பின் தகவல் தாளுடன் ஒப்பிட்டே அறிய வேண்டும்.

முடித்த ஒவ்வொரு பலகைக்கும் ஓர் உறை வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு பொருள்கள் இருக்கட்டும்: மென்பொருளின் மூலக் கோப்பு, சுற்றுப்படத்தின் அச்சுப் படி, கெர்பர் மற்றும் துளைக் கோப்புகள், உறுப்புகளின் பட்டியல். மென்பொருள் நாளை மறைந்துபோனாலும் கெர்பரைக் கொண்டு அதே பலகையைச் செய்யலாம். காகிதத்தைக் கொண்டு புதிதாகவும் வரையலாம்.

செய்து பாருங்கள்

1. நமது 555 சுற்றில் 3ஆம் காலிலிருந்து தரைக்கு மற்றொரு 470 ஓம் மின்தடையும் எல்.இ.டி.யும் சேர்த்தால் எலிக்கூட்டில் எத்தனை நூல்கள் இருக்கும்?

2. ஈகிளின் பழைய இலவச எல்லை 10 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும். ஆட்டோடெஸ்க் காலத்தில் அது பரப்பளவு 80 சதுர செ.மீ. என்றாயிற்று. 12.5 செ.மீ. நீளமும் 6.4 செ.மீ. அகலமும் உள்ள பலகை எந்த விதிக்கு அடங்கும்? 9 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பலகை?

விடைகள்: 1. கால்கள் 26, கணுக்கள் 8. ஆகவே நூல்கள் 18. 2. முதற் பலகையின் பரப்பு சரியாக 80 சதுர செ.மீ.; பரப்பு விதிக்கு அடங்கும், பழைய விதிக்கு அடங்காது. சதுரப் பலகையின் பரப்பு 81 சதுர செ.மீ.; எதற்கும் அடங்காது.